ஆயில் மாற்றினால் போதுமாம்... வாங்கலாமா?

வாசகர் கேள்வி – பதில் பகுதி. இந்த முறை: பழைய காரும் கியர்பாக்ஸ் கோளாறும்

கேள்வி: ஐயா, எனக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஆட்டோமேட்டிக் கார்தான் ஓட்ட முடியும். புதிது வாங்க வசதியில்லை. என் கணவருடன் வேலை பார்ப்பவர் தன் காரைத் தருவதாகச் சொல்கிறார். ஒன்பது வருடம் ஆன வண்டி, 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஒரே கை. உள்ளேயும் வெளியேயும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் காலையில் முன்னோக்கிப் போக 'டி'யில் போட்டால் இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் 'டொக்' என்று இழுக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது வண்டி லேசாக உதறுகிறது. "ஆயில் மாற்றினால் சரியாகிவிடும், இந்த மாடலே இப்படித்தான்" என்கிறார். விலையிலும் கொஞ்சம் குறைத்திருக்கிறார். கணவர் வாங்கலாம் என்கிறார், தம்பி வேண்டவே வேண்டாம் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம் அம்மா. அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கியர்பாக்ஸ் பிரித்தே காலம் தள்ளியவன் நான். 'ஆயில் மாற்றினால் சரியாகிவிடும்' என்ற பேச்சோடு பட்டறைக்கு வந்த வண்டிகள் ஏராளம். சிலதுக்கு ஆயிலே போதுமாக இருந்தது. சிலதுக்குப் பெட்டியையே இறக்க வேண்டியிருந்தது. ரோட்டில் ஓட்டும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் உதறும், அதுதான் சிக்கல்.

நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் ஒரே எடை உள்ளவை அல்ல. முதலில் அந்த உதறலைப் பார்ப்போம், பயமுறுத்தினாலும் அதில் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது.

உங்கள் வண்டியில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது ஆயில்தான். ஆயில் வழியாகச் சக்தி போகும்போது கொஞ்சம் வீணாகும் என்பதால், சீரான வேகம் வந்ததும் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன கிளட்ச் இரண்டையும் நேரடியாகப் பூட்டிவிடும். லாக்கப் கிளட்ச் என்போம். 50 முதல் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது இது வேலை செய்துகொண்டிருக்கும். ஆயில் பழசாகி அதில் உள்ள உராய்வுச் சேர்மானங்கள் தீர்ந்துபோனால், இந்தக் கிளட்ச் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். அதுதான் நீங்கள் உணர்ந்த உதறல். சரியான ஆயிலை மாற்றியதும் இது நின்றுபோன வண்டிகள் உண்டு. அந்த வகையில் உங்கள் கணவரின் நண்பர் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் கிளட்ச்சின் லைனிங் ஏற்கெனவே கருகிக் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருந்தால் புது ஆயில் சில வாரம் சமாளிக்கும், அப்புறம் பழைய கதைதான். கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும் என்றால் கியர்பாக்ஸை வண்டியிலிருந்து இறக்கியாக வேண்டும்.

உதறல் லாக்கப் கிளட்ச்சில்தானா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. உதறும் வேகத்தில் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக் பெடலைத் தொட்டும் தொடாமலும் அழுத்த வேண்டும். பிரேக் விளக்கு எரிந்தால் போதும், வேகம் குறையக் கூடாது. பெரும்பாலான வண்டிகளில் அந்தக் கணமே லாக்கப் விட்டுவிடும். உதறல் சட்டென்று நின்றால் கன்வெர்ட்டரைச் சந்தேகப்படலாம். நிற்காமல் தொடர்ந்தால் எஞ்சினில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் இருக்கலாம். பிளக், காயில் மாதிரிச் சின்னச் செலவோடு முடிகிற விஷயம் அது. உங்கள் முழங்காலை வைத்துக்கொண்டு இதை நீங்கள் செய்யக் கூடாது. பின்னால் வண்டி வராத சாலையில், கூட வரும் மெக்கானிக் செய்யட்டும்.

எனக்குக் கவலை தருவது அந்த இரண்டு மூன்று நொடித் தாமதம். 'டி'யில் போட்டால் ஒரு நொடிக்குள் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் உள்ளே ஆயில் அழுத்தம் ஏறத் தாமதமாகிறது என்று அர்த்தம். ஆயில் அளவு குறைந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். இவை நல்ல காரணங்கள். ரப்பர் சீல்கள் இறுகிப்போய் இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் வடிந்துவிடலாம், ஆயிலை அந்தந்தக் கியருக்குத் திருப்பிவிடும் வால்வு பாடி தேய்ந்திருக்கலாம், கிளட்ச் பிளேட்டுகளே தேய்ந்திருக்கலாம். இவை கெட்ட காரணங்கள். 'டி'யில் மட்டும் தாமதமா, 'ஆர்' (ரிவர்ஸ்) போட்டாலும் தாமதமா என்று தனித்தனியாகப் பாருங்கள். இரண்டிலும் என்றால் பம்ப், ஆயில், ஃபில்டர் என்று பொதுவான இடத்தில் தேடலாம். ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் கியருக்கான கிளட்ச் அல்லது சீல் பக்கம் போக வேண்டும். அது பெட்டியைப் பிரிக்கிற வேலை.

ஒரு விஷயம், அந்த 'டொக்' மட்டும் கியர்பாக்ஸிலிருந்து வருவதாக இல்லாமலும் இருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தாலும் 'டி'யிலிருந்து 'ஆர்'க்கு மாற்றும்போது இடிக்கும். மவுண்ட் போனதைக் கவனிக்காமல் கியர்பாக்ஸைக் கழற்றிய மகானுபாவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எப்படிச் சோதிப்பது? காலையில் போங்கள், போய்ச் சேரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள், இன்னொரு நாள் போகலாம். உங்கள் வண்டியின் முக்கியக் குறை குளிர்ந்த நிலையில்தான் தெரிகிறது, அதை மறைக்க பத்து நிமிடம் முன்னால் ஸ்டார்ட் செய்தாலே போதும்.

வண்டியை நகர்த்துவதற்கு முன்பே ஸ்கேனரைப் போடச் சொல்லுங்கள். போன் புளூடூத்தோடு இணையும் மலிவான கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் கம்ப்யூட்டரை மட்டும் படிக்கும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். கோளாறு இருந்தால் ஸ்கேனரில் ஒரு குறியீட்டு எண் வரும், கோடு (code) என்போம். பி 0700 என்று வந்தால் 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு புகார் இருக்கிறது, அதைப் போய்க் கேள்' என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பி 0741 என்றால் லாக்கப் கிளட்ச் பக்கம். பி 0730 என்றால் கியர் விகிதம் கணக்குக்கு ஒத்துவரவில்லை, அதாவது உள்ளே எங்கோ நழுவுகிறது. இது வந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

கோடு எதுவும் வரவில்லை என்றாலும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். முந்தின நாள் ராத்திரி யாராவது அழித்திருக்கலாம், பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியிருக்கலாம். அதற்கும் தடயம் இருக்கிறது. வண்டியின் கம்ப்யூட்டர் தன்னைத் தானே பரிசோதிக்கும் சில சோதனைகளை வரிசையாக ஓட்டிப் பார்த்து, 'முடிந்தது' என்று குறித்து வைத்திருக்கும். ஸ்கேனரில் ரெடினஸ் மானிட்டர் என்று வரும். கோடுகளை அழித்தால் இந்தக் குறிப்புகளும் அழிந்துவிடும், மறுபடி நிறைவதற்குச் சில நாள் ஓட்டம் வேண்டும். தினமும் ஆபீஸ் போய்வருகிற வண்டியில் பல சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், "சமீபத்தில் பேட்டரி மாற்றினீர்களா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

அதன் பிறகு டெஸ்ட் டிரைவ். தெருவைச் சுற்றி வருவதெல்லாம் டெஸ்ட் டிரைவ் ஆகாது. குறைந்தது நாற்பது நிமிடம் ஓட்ட வேண்டும். குளிர்ந்திருக்கும்போது ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த வால்வுகளும் ஒப்பேற்றிவிடும். நன்றாகச் சூடேறி ஆயில் இளகிய பிறகுதான் கசிவும் நழுவலும் வெளியே வரும். நின்று நின்று போகும் நெரிசலில் கொஞ்ச நேரம், நேர்ச்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம், ஒரு ஏற்றத்தில் முன்னால் ஒருமுறை, ரிவர்ஸில் ஒருமுறை. ரேஸ் ஏறி வண்டி ஏறவில்லை என்றால், அதாவது ஆர்பிஎம் முள் துள்ளுகிறது, வேகமானி அசையவில்லை என்றால், அது நழுவல். நழுவலை ஆயில் மாற்றிச் சரிசெய்துவிட முடியும் என்று நம்பாதீர்கள். ஓட்டி முடித்து எஞ்சினை அணைக்காமல் மறுபடி 'ஆர்', 'டி' என்று மாற்றிப் பாருங்கள். காலையில் இருந்த தாமதம் போயிருக்கிறதா, கூடியிருக்கிறதா? சூட்டில் கூடியிருந்தால் தம்பி ஜெயித்துவிட்டார்.

ஆயிலைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவுகின்றன. 'இது ஆயுள்கால ஆயில், மாற்றவே வேண்டாம்' என்பது ஒன்று. பல கார் கையேடுகளில் அப்படித்தான் போட்டிருக்கும். ஆனால் பல கார் கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்துகொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகபட்சம் எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. உங்கள் வண்டி கிலோமீட்டரில் அந்த இடத்தில்தான் நிற்கிறது, வருடத்தில் அதைத் தாண்டியே விட்டது. எப்போது மாற்றினார் என்று கேட்டு பில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு கதை, பழைய கியர்பாக்ஸில் புது ஆயில் ஊற்றினால் செத்துவிடும் என்பது. சாகிற நிலையில் இருந்த பெட்டிக்கு ஆயில் மாற்றினால் அது செத்துத்தான் போகும், பழி ஆயில் மேல் விழும். தேய்ந்த கிளட்ச்களின் தூள் பழைய ஆயிலில் மிதந்து கொஞ்சம் பிடிமானம் தந்துகொண்டிருக்கும். அதை எடுத்ததும் குட்டு வெளிப்படுகிறது. அழுத்தம் கொடுத்துக் கழுவுகிற வேலை வேண்டாம். வடித்துவிட்டு நிரப்புவது போதும், அந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட ரக ஆயிலாக இருக்க வேண்டும்.

இன்றைய பல கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலைப் பார்க்க குச்சி கிடையாது. வண்டியை மட்டமாகத் தூக்கி, எஞ்சின் ஓடும்போது, குறிப்பிட்ட ஆயில் வெப்பநிலையில் அளவைப் பார்க்க வேண்டும். இதைச் செய்யத் தெரிந்த ஆளிடம் போங்கள், கொஞ்சம் ஆயிலை வெளியே எடுத்தும் பார்க்கச் சொல்லுங்கள். கருத்திருந்தால் அதனால் மட்டும் பயப்பட வேண்டாம். கருகல் நாற்றம் அடித்தால் பயப்படுங்கள். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டில் (சம்ப்) உள்ள காந்தத்தில் மாவு மாதிரிச் சாம்பல் நிறப் படிவு இருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் துணுக்குகள் இருந்தால் வேண்டாம். ஆயில் ரோஜா நிறப் பால் மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போய்விட்டது. விலையை இன்னும் குறைக்கிறேன் என்று சொன்னாலும் அந்த வண்டி வேண்டாம்.

'இந்த மாடலே இப்படித்தான்' என்றாராமே, அதற்கு வருகிறேன். ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் உதறுகிறது என்று வாங்கியவர்கள் புகார் சொன்னபோது, உங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று ஆஸ்திரேலியாவில் பலருக்குப் பதில் வந்தது. புகார்களைக் கையாண்ட விதம் தவறு என்று 2018-ல் அந்நாட்டு நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஒரு மாடலில் எல்லா வண்டியும் உதறினால் எல்லா வண்டியிலும் கோளாறு இருக்கிறது என்றுதான் பொருள். அப்படிப் பொதுக் கோளாறு என்றால் வாங்குபவருக்கு ஒரு லாபமும் உண்டு. நிசான் தன் 2003 முதல் 2010 வரையிலான சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) கார்களுக்கு அமெரிக்காவில் கியர்பாக்ஸ் உத்தரவாதத்தை 10 வருடம் அல்லது 1,20,000 மைல் என்று நீட்டியது. இந்த மாதிரி நீட்டிப்போ, கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து தரும் ரீகாலோ உங்கள் வண்டிக்கு இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்தக் கம்பெனியின் சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். காசு செலவில்லாத வேலை, ஏனோ யாரும் செய்வதில்லை.

வண்டியில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக் என்பதையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் நான் மேலே சொன்ன நம்பிக்கை வார்த்தை டார்க் கன்வெர்ட்டர் வகைக்குத்தான். சிவிடி என்றால் உள்ளே உலோக பெல்ட் இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடுகிறது. அது நழுவித் தடம் பதித்துவிட்டால் ஆயில் மாற்றி மீட்க முடியாது. உதறுகிற சிவிடியை நான் வாங்க மாட்டேன். உலர் இரட்டைக் கிளட்ச், அதாவது ஆயிலில் மூழ்காத இரண்டு கிளட்ச் உள்ள வகை என்றால் கிளட்ச் செட் மாற்றும் செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸைத்தான் மோட்டார் வைத்து மாற்றுகிறது. கியர் மாறும்போது தலையாட்டுவது அதன் பிறவிக் குணம், ஆனால் ஒரே வேகத்தில் போகும்போது உதறக் கூடாது.

இனி விலை. அவர் எவ்வளவு குறைத்திருக்கிறார் என்று யோசியுங்கள். ஆயில் மாற்றும் செலவுக்கு ஏற்பத்தான் குறைத்திருப்பார். ஆனால் உங்கள் தலையில் விழக்கூடியது முழு கியர்பாக்ஸ் செலவு. அதனால் இப்படிக் கணக்குப் போடுங்கள்: இதே வருடம், இதே கிலோமீட்டர் ஓடிய, கோளாறில்லாத வண்டி என்ன விலை போகிறது? கியர்பாக்ஸை இறக்கி, கன்வெர்ட்டரும் சேர்த்து முழுசாகச் சரிசெய்ய என்ன ஆகும் என்று கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்கிற பட்டறையில் எழுத்தில் வாங்குங்கள். முதல் தொகையிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களுக்கு நீங்கள் வேறு வழியில் போய்வர ஆகும் செலவையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் இன்றைய நிலையில் அந்தக் காருக்கு நீங்கள் தரக்கூடிய அதிகபட்சம். அதற்கு மேல் ஒரு காசு கேட்டாலும், கோளாறு இன்னதென்று கண்டுபிடிக்கப்படாத வரை, நஷ்டத்தில் இறங்குகிறீர்கள்.

எழுதித் தரும் பட்டறையில் சிலதைக் கேட்டு வையுங்கள். ஆயில் கூலரையும் குழாய்களையும் கழுவுவார்களா? பழைய தூள் அங்கே தங்கினால் புதுப் பெட்டியும் கெடும். வேலைக்கு எத்தனை மாதம், எத்தனை கிலோமீட்டர் உத்தரவாதம்? உடைத்த காரிலிருந்து பழைய கியர்பாக்ஸ் மாட்டித் தருகிறேன் என்றால், அதை உங்கள் வண்டியின் கம்ப்யூட்டரோடு பொருத்தித் தருவாரா, அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு ஆதாரம் என்ன?

விற்பவர் தெரிந்தவர் என்பதால் உங்களுக்கு மட்டும் ஒரு வழி திறந்திருக்கிறது, முன்பின் தெரியாதவரிடம் இதைக் கேட்க முடியாது. "ஆயில் மாற்றினால் சரியாகும் என்கிறீர்கள், நல்லது. ஆயில், ஃபில்டர் செலவு என்னுடையது. மாற்றிவிட்டு இரண்டு மூன்று வாரம் நீங்களே ஓட்டுங்கள். காலைத் தாமதமும் உதறலும் போய்விட்டால், நீங்கள் குறைத்த தொகையும் வேண்டாம், நியாயமான முழு விலைக்கே எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். தோற்றால் உங்களுக்கு ஆயில் காசோடு போயிற்று. அவர் சொன்னதை அவரே நம்பினால் சம்மதிப்பார். தயங்கினால் மேலே சொன்ன கழித்தல் கணக்கைக் காட்டுங்கள். அதற்கும் ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள். உங்கள் கணவர் நாளைக்கும் அவர் பக்கத்து நாற்காலியில்தானே உட்கார வேண்டும்? கெட்ட கியர்பாக்ஸ் கைமாறிய பிறகு அது கஷ்டம்.

கேள்வி: நான் பார்த்திருக்கும் மேனுவல் காரில் மூன்றாவது கியர் விழும்போது 'கர்ர்' என்கிறது. நியூட்ரலில் நிற்கும்போது ஒரு உறுமல், கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. கிளட்ச் பிளேட் புதுசாம். பயப்படலாமா?

பதில்: கிளட்ச் பிளேட் புதுசாக இருந்தாலும் இந்த இரண்டுக்கும் அது மருந்தில்லை. கிளட்ச்சை மிதித்தால் நிற்கும் உறுமல் பெரும்பாலும் கியர்பாக்ஸின் உள்பேரிங். மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங், அது சின்ன விஷயம். மற்ற கியர்கள் ஒழுங்காக விழுந்து மூன்றாவது மட்டும் கத்துவது கியர் விழுமுன் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் அதன் சிங்க்ரோ ரிங் தேய்ந்த அடையாளம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பெட்டியைப் பிரித்தாக வேண்டும். மேனுவல் பெட்டி என்பதால் அநேக பட்டறைகளில் செய்துவிடுவார்கள், உதிரிபாகம் கிடைக்கிற மாடலாக இருந்தால் விலையில் கழித்துக்கொண்டு வாங்கலாம். ஓடும்போது ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். வந்தால் வேண்டாம்.

கேள்வி: நான் விற்கும் பக்கம். என் வண்டி சூடானால் இரண்டாவது கியரில் நழுவுகிறது. ஒரு பாட்டில் மருந்து ஊற்றினால் ஒரு மாதம் தாங்கும் என்கிறார் தரகர். ஊற்றி விற்றால் என்ன?

பதில்: அந்த மருந்துகளில் சில இறுகிய சீல்களைக் கொஞ்சம் ஊத வைக்கும், சில ஆயிலைக் கெட்டியாக்கும். அதற்கு மேல் எதுவும் செய்யாது. ஒரு மாதம் கழித்து அந்த வண்டி நடுரோட்டில் நிற்கும்போது உள்ளே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஸ்கேன் எடுத்து, பட்டறையில் செலவு மதிப்பீடு எழுதி வாங்கி, இரண்டையும் காட்டியே விலை சொல்லுங்கள். கியர்பாக்ஸ் கெட்ட வண்டிக்கென்றே வாங்குபவர்கள் இருக்கிறார்கள், பெட்டியைத் தாங்களே சரிசெய்கிற மெக்கானிக்குகள். அவர்கள் பேரம் கறாராகப் பேசுவார்கள், ஆனால் பிறகு போன் செய்து சண்டை போட மாட்டார்கள். விற்பனைத் தாளில் கோளாறைக் குறிப்பிட்டு வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்கேன் தாளின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.